‘இல்லை’ சொல்லாத புடவைக்கடை

திருகோணமலைப் பட்டினத்தில் புஷ்பவதியின் புடவைக்கடையில் கிடைக்காத ஒரே பொருள் ‘இல்லை’ என்ற சொல்தான். பச்சைச் சேலை கேட்டு வருகிறவளிடம், “நீலம் வந்திருக்குப் பிள்ளை, கண்ணால ஒருக்காப் பாரும்” என்பாள். வந்தவள் நீலத்தோடு, கேட்காத பாவாடைத் துணியையும் சுமந்துகொண்டு போவாள். குடை வாங்க நுழைந்த அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஒருவர், ஆறு யார் நீளத் திரைச்சீலையோடு மழையில் நனைந்து போனதை நானே பார்த்தேன். கடைக்காரி வாய் ‘இல்லை’ என்றால் இலட்சுமி எழுந்து போய்விடுவாள் என்பது மாமியார் அவளுக்கு விட்டுப்போன முதற் சொத்து. கடை இரண்டாவது.

யுத்தம் நடந்த இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் இலட்சுமி எழுந்து போகத் தேவையில்லாமல் ஆட்களே வராமல் போனார்கள். நிலாவெளியிலிருந்து ஒரு சேலை வாங்க வருவதற்கு எத்தனை சோதனைச் சாவடியில் இறங்கி ஏறுவது! அப்போதுதான் பக்கத்தில் தொலைபேசிக் கடை வைத்திருந்த ஜெமீல் இந்த யோசனையோடு வந்தான்.

“அக்கா, இண்டர்நெட்டில ஒரு கடை திறப்பம். வெளிநாட்டில உள்ள பிள்ளையள் அங்கயிருந்து தெரிவு செய்யட்டும். இஞ்ச உள்ள வீட்டுக்கு நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்.”

“அதுக்குக் கொம்பனிக்காரன் எவ்வளவு கேப்பான்?”

“ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். அதுக்குரிய மென்பொருளை ஆரோ எழுதி, எல்லாருக்கும் திறந்து விட்டிருக்கினம். பிடிக்காட்டி உள்ளுக்குள்ள போய் நாங்களே மாத்தலாம்.”

அந்தக் கடைசி வசனத்தை அவன் சொல்லியிருக்கக் கூடாது.

தொலைபேசிக் கம்பி வழியாக அந்த மென்பொருள் இறங்கி முடிய நான்கு நாள் ஆனது. மூன்றாம் நாள் கரண்ட் நின்றதால் முதலிலிருந்து தொடங்கினார்கள். அதற்குள் கொழும்புக்கு நடந்துபோய்த் தலையில் சுமந்து வந்திருக்கலாம். ஒருவழியாகக் கடை திரையில் வந்தது. புஷ்பவதி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜெமீல் பரீட்சைக்காக ஒரு சேலையை விற்றுக் காட்டினான். உடனே அதன் படத்துக்குக் கீழே ‘கையிருப்பில் இல்லை’ என்று வந்தது.

“ஐயோ! வெள்ளிக்கிழமையும் அதுவுமா! எடும் அதை!”

“அது நான் எழுதினதில்லை அக்கா. எண்ணிக்கை முடிஞ்சால் தானாப் போடும்.”

“அப்ப எண்ணிக்கையையும் எடும்.”

“ஏலாது அக்கா. எடுத்தால் இல்லாத சேலையும் விலைப்படும்.”

“பிடிக்காட்டி மாத்தலாம் எண்டு சொன்ன வாய் எங்க?”

ஒன்பது நாள் சண்டை. பத்தாம் நாள் ஜெமீல் உள்ளே போய் எண்ணிக்கையை நிறுத்திவிட்டான். அன்றிலிருந்து அந்த இணையக் கடையும் புஷ்பவதியைப் போலவே யார் எதைக் கேட்டாலும் தலையாட்டியது.

ஆவணிக் கல்யாணங்களுக்கு முன் கொழும்பிலிருந்து மயில்கரை போட்ட குங்கும நிறக் கூறைச்சேலை இரண்டே இரண்டு வந்தன. ஒன்று வீட்டு அலுமாரிக்குள் போனது. கட்டாரில் வேலை செய்யும் மகன் பிரதீபனுக்குத் தையில் கல்யாணம். படம் பார்த்து வருங்கால மருமகள் வதனி ஆசைப்பட்ட கூறை அது. மற்றதை லண்டனிலிருந்து ஒருவன், நிலாவெளியில் இருக்கும் தன் தம்பியின் கல்யாணத்துக்கு வாங்கினான். ஜெமீல் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனான். சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் அதை விரித்துப் பார்த்ததில், மணமகளுக்கு முன் அரைவாசி இராணுவம் அந்தக் கூறையைத் தடவிவிட்டது.

இரண்டு நாள் கழித்து ஒஸ்லோவிலிருந்து சோமசேகரம் என்பவன் அதே கூறையைத் தன் தம்பியின் கல்யாணத்துக்குக் கேட்டான். கடை தலையாட்டியது. நன்றிக் கடிதமும் அனுப்பியது. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் அவனுடைய தாய் அன்னலட்சுமி கையில் அந்தக் கடிதத்தோடு வந்து நின்றபோதுதான் புஷ்பவதிக்கு விஷயமே தெரிந்தது.

“அரக்கு நிறத்தில ஒண்டு வந்திருக்கு அக்கா, கண்ணால ஒருக்கா...”

“என்ன கதை கதைக்கிறீங்கள்? பொம்பிளை வீட்டுக்குப் படம் காட்டியாச்சு. அந்த நிறத்துக்குச் சட்டையும் தைச்சாச்சு. கூறை இருக்கோ, இல்லையோ?”

இருபத்தாறு வருட வியாபாரத்தில் அவளை அப்படி நேராக யாரும் கேட்டதில்லை. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தாள். அதே சேலை இனி வரவே வராதாம். ஜெமீல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “என்ன அங்க பார்வை? எடுக்க ஏலாது எண்டு இன்னும் கொஞ்சம் கெட்டியாச் சொல்லியிருக்கக் கூடாதோ!” என்று அவன்மேல் பாய்ந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அலுமாரியைத் திறந்தாள். மருமகளின் கூறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “இருக்கு” என்றாள்.

மறுநாள் எண்ணிக்கையைத் திரும்பப் போடச் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் மட்டும் வரக்கூடாதாம். ஜெமீல் ஒரு கிழமை தலையைப் பிய்த்துக்கொண்டு, சேலை முடிந்ததும் ‘வேற நிறம் வந்திருக்கு, பாருங்கோ’ என்று நாலு சேலை காட்டும்படி எழுதினான். எழுதியதை மற்றவர்களும் எடுக்கும்படி பொதுவில் போட்டான். பிரேசிலில் ஒரு சப்பாத்துக் கடைக்காரன் எடுத்துக்கொண்டானாம். உண்மையோ என்று என்னைக் கேட்க வேண்டாம். நான் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டாரிலிருந்து மகன் பேசினான்.

“அம்மா, கூறை பத்திரமா இருக்குத்தானே? வதனி கேட்டவள்.”

புஷ்பவதி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“அரக்கில ஒண்டு வந்திருக்கு ராசா. கண்ணால ஒருக்காப் பாரன்.”