போர்வெல் தண்ணீரில் கலந்த கரைசல்

சதுரம் சதுரமாகத் துளைகள் விழுந்த சல்லடை போன்ற ஒரு படம். வரிசைக்கு இருபத்திரண்டு துளை. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்த கடைசி ஆறு ஆண்டுகளும் இப்படிப்பட்ட நுண்ணோக்கிப் படங்களில் துளை எண்ணினேன். பாக்டீரியாவின் மேலுறைப் புரதம் தானாகவே இப்படிப் பின்னிக்கொள்ளும். துளைகளில் பொன் துகள்களை உட்கார வைத்தால் மிக நுண்ணிய கருவிகள் செய்யலாம். சல்லடை கிழியாமல் எத்தனை நாள் நிற்கும் என்பதே கேள்வி.

கேள்வி, ஆய்வகத்தை நடத்திய எங்கள் டாக்டருடையது. சிம்மக்கல்லில் மொத்தக் கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பெண். என்னைவிட இருபத்தாறு வயது இளையவர். "மிஷின் தப்பா எண்ணும், நீங்க தப்பா எண்ண மாட்டீங்கண்ணே" என்பார். மனைவி இறந்த பிறகு தினமும் என்னிடம் பேசிய குரல் அது ஒன்றுதான்.

எல்லாச் சல்லடையும் மூன்றாம் நாளே கிழிந்துகொண்டிருந்தது. ஒரு கோடையில் ஒன்பது குப்பிகளில் மட்டும் பதினேழு நாள் நின்றது. "இம்புட்டு நாளா! இது வேற ரகம்ணே" என்று துள்ளியவர், கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். நீர் காய்ச்சி வடிக்கும் கருவி பழுதான நாளில், யாரிடமும் சொல்லாமல் அந்த ஒன்பது குப்பிக்கும் போர்வெல் தண்ணீரில் கரைசல் கலந்தவன் நான். சொன்னால் என் முகத்திலேயே விழிக்க மாட்டார் என்று பயம். நான்கு நாள் சொல்லாமல் மறைத்தேன். ஐந்தாம் நாள் சொன்னேன்.

ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அப்ப நம்ம பாக்டீரியா ஒண்ணும் கிழிக்கலையா?" என்று சிரித்தார். பிறகு கண்களை மூடி, "சுண்ணாம்புண்ணே! நம்ம ஊருத் தண்ணியில இருக்க சுண்ணாம்புதான் இறுக்கிப் பிடிக்குது" என்றார். பதினோரு மாதம் சோதித்து அதை நிறுவினார். கட்டுரையைப் பார்த்து ஜெர்மனியிலிருந்து அழைத்தார்கள். போய்விட்டார்.

ஏழு ஆண்டாகிறது. பழங்காநத்தம் வீட்டில் இருக்கிறேன். மூன்று அறை, ஒரு ஆள். மாதத்தின் முதல் ஞாயிறு அவரிடமிருந்து போன் வரும். "இப்ப நாப்பது நாள் நிக்குதுண்ணே" என்றார் போன முறை. பிறகு, "தனியா கெடக்கீங்களே, கஷ்டமா இல்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல நான்கு நாள் போதுமாக இருந்தது. இதைச் சொல்ல எண்பத்து நான்கு ஞாயிறும் போதவில்லை.