தாமல் ஏரியிலிருந்து நடந்து வந்த புள்ளி

பேய், பிசாசு, செய்வினை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

செவிலிமேட்டில் எங்களுக்கு ஒரே ஒரு தறி. கணவர் நெய்வார், நான் போனில் படம் போட்டு விற்பேன். வாங்குகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், எங்கேயோ மெஷினில் ஓட்டியதைக் காஞ்சிப் பட்டு என்று தலையில் கட்டிவிடுவார்களோ என்று அவர்களுக்குப் பயம். அதனால் ஒவ்வொரு படத்தோடும் எங்கள் தெரு லொகேஷனையும் சேர்த்தே போடுவேன், சந்தேகமிருந்தால் நேரில் வந்து தறியைப் பாருங்கள் என்று அர்த்தம்.

என் தங்கை கலாவை வேலூர் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். புருஷன் அடி தாங்காமல் ஒரே ஒரு பையோடு எங்களிடம் வந்துவிட்டாள். நாங்கள் புதிதாகக் குடிவந்த வீடு அவனுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தோம். வந்த அன்றே போனில் புரொஃபைல் படம், ஸ்டேட்டஸ், லொகேஷன் எல்லாவற்றையும் அணைத்தாள். ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள்.

"உனக்கு மட்டும் லொகேஷன் ஆன்ல வெச்சிருக்கேங்கா. என்னைக் காணோம்னா அதுல பாரு," என்றாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு முகூர்த்தப் புடவை தறியிலிருந்து இறங்கியது. கலாவை முந்தானையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். முகம் வராமல் கவனமாகத்தான் எடுத்தேன், கை மட்டும் தெரிந்தது. அந்தக் கையில் சூட்டுத் தழும்பு. சூடு வைத்தவனே அவன்தான், அவனுக்கா அடையாளம் தெரியாது? என் படங்களை அவன் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போனது. கூடவே லொகேஷனையும் பழக்கதோஷத்தில் நானே போட்டுக் கொடுத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்.

மூன்றாம் நாள் நாங்கள் ஜரிகை வாங்கப் போயிருந்த நேரத்தில் வந்து, அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்து பதறிப்போய் போனைத் திறந்தேன். கலா பெயர் போட்ட பச்சைப் புள்ளி பெங்களூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது, தாமல் ஏரிக்கரையில் நின்றது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளே குதித்தாள் என்கிறான். கேஸ் நடக்கிறது. அவள் போன் கிடைக்கவேயில்லை. புள்ளி மட்டும் சாம்பல் நிறமாகி ஏரி நடுவில் நின்றுவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கணவர் தறியில் இருந்தார். நான் சும்மா போனை எடுத்தேன். புள்ளி பச்சையாகியிருந்தது, கரைக்கு வந்திருந்தது. பிறகு ரோட்டுக்கு வந்தது. பஸ் வேகம் இல்லை, ஆள் நடக்கிற வேகம். அடுப்பில் வைத்த சோறு தீய்ந்தது கூடத் தெரியாமல் நாலு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குள் வந்தது, எங்கள் தெருவில் திரும்பியது, வாசலில் நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். வெயில்தான் இருந்தது.

"உள்ள வாம்மா கலா," என்றேன். சத்தம் கேட்டுக் கணவரும் வந்து போனைப் பார்த்தார். அவர் கண்ணெதிரிலேயே புள்ளி திரும்பி, வந்த வழியே நடந்தது. உள்ளே வரவில்லை. என் வீட்டுக்குள் வர அவளுக்கு இனி என்ன இருக்கிறது?

"போன்ல ஏதோ கோளாறும்மா. அதையே பாத்துக்கினு உக்காராத," என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

அதற்குப் பிறகு படங்களில் லொகேஷன் போடுவதை விட்டேன். என் போனிலும் எல்லாருக்கும் அணைத்துவிட்டேன். வியாபாரம் படுத்துவிட்டது, படுக்கட்டும்.

போன வாரம் அந்த செட்டிங்கைத் திறந்து சரிபார்த்தேன். நான் இருக்கும் இடத்தை யார் யார் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும் இல்லையா, அது காலியாக இருக்க வேண்டும். ஒரு பெயர் இருந்தது. கலா.

அவள்தான் எனக்கு லொகேஷன் கொடுத்தாள். நான் அவளுக்குக் கொடுத்ததே இல்லை. பெயருக்குப் பக்கத்திலேயே 'நீக்கு' என்று இருக்கிறது, ஒரு தடவை தொட்டால் போதும். தொட எனக்கு மனசு வரவில்லை.