பதினான்கு கை ஜந்தும் ஓர் அமாவாசையும்

விளக்கெண்ணெயும் வெட்டிய சைக்கிள் ட்யூபும் கலந்த வாசனை... உங்களில் யாரும் முகர்ந்திருக்க மாட்டீர்கள். எனக்கு சினிமா என்றால் அந்த வாசனைதான்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறிக்கூடம். நான் அப்போது பி.காம். கடைசி வருஷம். பெரியப்பா மகன் டில்லி அண்ணன், சென்னையில் ஒரு ஃபிலிம் காலேஜுக்கு இரண்டாவது தடவையாக அப்ளிகேஷன் போட இருந்தான். முதல் தடவை கிடைக்கவில்லை. "இந்த வாட்டியும் இல்லன்னா ஒழுங்கா போயி புடவக்கடைல நில்லு" என்று பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்ளிகேஷனோடு சொந்தமாக எடுத்த ஒரு குறும்படமும் வேண்டும்.

அண்ணனுக்கு உயிர், பழைய கேசட்டில் கோடு கோடாக ஓடும் வெளிநாட்டுப் படங்கள். வேறு உலகத்திலிருந்து வரும் ஜந்துகள்... எல்லாம் ரப்பரும் பசையும் வைத்துக் கையால் செய்தவை. கம்ப்யூட்டர் ஜந்துகள் அப்போதே வந்துவிட்டன. அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

அவன் கதையில், வானத்திலிருந்து ஏதோ ஒன்று பாலாற்று மணலில் விழுந்து புதைந்து கிடக்கிறது.

"அது யாரைக் கடிக்கும்ணா?" என்றேன்.

"யாரையும் கடிக்காது கல்பனா. அதுக்கு நம்ம மேல கோவமே இல்ல. நாம இருக்கிறதே அதுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு அசைஞ்சிக்கினு இருக்கும். அதான்மா பயம்."

ஆனால் அதை எப்படி அசைப்பது? பதினான்கு கை. எல்லாம் ட்யூபை வெட்டிப் பஞ்சு அடைத்தது, மேலே ஜவ்வரிசிக் கஞ்சி, பளபளப்புக்கு விளக்கெண்ணெய். ஆள் வைத்து இழுத்துப் பார்த்தோம். திருவிழாப் பொம்மலாட்டம் மாதிரி இருந்தது.

அப்போதுதான் தறிக்கு மேலே இருந்த ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பெட்டியில் அட்டைகள் மாலையாகக் கோத்திருக்கும். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்து நூல் மட்டும் மேலே எழும்பும். கீழே பலகையைக் காலால் ஒரு மிதி மிதித்தால் ஓர் அட்டை நகரும். புடவையில் மயில் விழுவது இப்படித்தான். எங்கள் வீட்டில் அட்டை குத்துவது என் வேலை. மயிலுக்குக் குத்துகிறவள் ஜந்துவுக்குக் குத்த மாட்டேனா? ஒவ்வொரு கைக்கும் மூன்று நூல் என்று கிராஃப் போட்டு, நாற்பது அட்டை குத்தினேன்.

அமாவாசை அன்றைக்குத் தறி ஓட்ட மாட்டார்கள். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல்தான் பாவு; பழைய பாவு முடிந்து, புதுப் பாவு இன்னும் ஏற்றவில்லை. அப்பாவிடம் கேட்டோம்.

"பாவு இல்லாத தறிதானே, எடுத்துக்கோங்க. ஆனா தறி மேல ஒரு சொட்டு எண்ண பட்டுது... ரெண்டு பேரையும் தொலச்சிடுவேன்."

பெட்டியிலிருந்து தொங்கும் நூல்களில் ஜந்துவின் கைகளைக் கட்டி, ஜன்னலுக்கெல்லாம் ஜமக்காளம் மாட்டி, பட்டப்பகலில் இருட்டாக்கினோம். நான் மிதித்தேன். அம்மாடி... பதினான்கு கையும் தனித்தனியாக எழும்பி, மடங்கி, விரிந்து... நான்தான் மிதிக்கிறேன், எனக்கே பயமாக இருந்தது.

ஒரே ஒரு குறை. பத்தொன்பதாவது மிதியில் எல்லாக் கையும் நிமிரும்போது, ஐந்தாவது கையின் நுனி மட்டும் தொங்கியது. அட்டையில் ஒரு ஓட்டையை விட்டுவிட்டேன். புதுசாகக் குத்த நேரமில்லை. கேமரா இரவல், மறுநாள் ஒரு காதுகுத்துக்கு வேண்டுமாம். அப்படியே வெட்டாமல் இரண்டு நிமிடம் எடுத்தோம். அண்ணன் என்னோடு சாயந்திரம் வரை பேசவில்லை.

இன்டர்வியூவுக்குத் துணையாக நானும் போனேன். உள்ளே போன அண்ணன் பத்து நிமிடத்தில் வெளியே வந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

"ஏதோ வெளிநாட்டுப் படத்துலேர்ந்து சுட்டுட்டேன்றாங்க கல்பனா. எவ்ளோ சொல்லியும் நம்பல."

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ... கதவைத் திறந்து உள்ளே போய்விட்டேன். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் ஒரு மேடம்.

"மேடம், பத்தொன்பதாவது மிதியில அஞ்சாவது கை நுனி மட்டும் தூக்காது. அட்டைல ஒரு ஓட்ட குத்தாம உட்டுட்டேன். நாப்பது அட்டைல ஒரு சுத்து, அதனால திரும்ப அம்பத்தொன்பதுல வரும். போட்டுப் பாருங்க."

டேப்பைப் பின்னால் ஓட்டினார்கள். நான் சத்தமாக எண்ணினேன். பத்தொன்பதில் நுனி தொங்கியது. அதற்குப் பிறகு மேடமும் என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார். ஐம்பத்தொன்பது... மறுபடி தொங்கியது. அறையே சிரித்துவிட்டது. நான் அழுதுவிட்டேன்.

"நீ ஏம்மா அப்ளை பண்ணல?" என்றார் மேடம்.

"பொண்ணுங்களுக்கும் குடுப்பீங்களா மேடம்?"

அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு ஃபார்மை எடுத்து நீட்டினார்.

அண்ணனுக்கு அந்த வருஷம் சீட் கிடைத்தது. எனக்கு அடுத்த வருஷம். பெரியப்பா இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடவை லட்டு வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டார்!

இதெல்லாம் நடந்து வருஷம் இருபதுக்கு மேல். நடுவில் பல வருஷம் நானும் கம்ப்யூட்டரில்தான் ஜந்து செய்தேன். குறை சொல்ல மாட்டேன், சோறு போட்ட வேலை. ஆனால் கையில் பிசுபிசுப்பு ஒட்டாத வேலை. இப்போது சின்னப் பசங்க டைரக்டர்களே வந்து, "மேடம், அந்தக் காலத்து மாதிரி ரப்பர்ல பண்ணித் தர்றீங்களா?" என்று கேட்கிறார்கள். கேட்கும்போதே வயசு குறைகிற மாதிரி இருக்கிறது.

அன்றைக்கு எங்கிருந்து திருடினாய் என்றார்கள். இன்றைக்கு எந்த சாஃப்ட்வேர் என்கிறார்கள். யார் செய்தது என்று கேட்க இன்றைக்கும் ஆள் குறைவுதான்.

டில்லி அண்ணனுக்கு அதைக் கேட்கத் தேவையில்லை. அவன் இப்போது எடுக்கும் மூன்றாவது படத்தில் ஜந்து என்னுடையது. நேற்று டைட்டில் மட்டும் வெட்டி அனுப்பியிருந்தான். என் பெயர் தனியாக ஒரு கார்டில் வருகிறது. அதைக் காஞ்சிபுரத்துக்கு, அப்பாவுக்கு அனுப்பினேன்.

காலையில் அப்பாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.

"பாத்தேம்மா. பேரு வந்த வேகத்துல போயிடுதே... டில்லி கிட்ட சொல்லி இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லேன்."