அக்காவின் முடியை அறைந்த மரம்

எங்கள் அக்காவுக்குச் சின்ன வயதில் பேய் பிடித்திருந்தது என்று இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் சொல்கிறார்கள். கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. நாலு பேர் எதிரில் வாய் திறக்கிற பழக்கம் எனக்கில்லை. அதனால் எழுதுகிறேன். பேயும் இல்லை, மண்ணும் இல்லை.

ஜமுனாமரத்தூருக்கு பஸ் விட்ட புதிது. நான் இரண்டாவது படித்தேன், அக்கா ஐந்தாவது. மாசி மாதம், மலையெல்லாம் புளி உலுக்கும் காலம். சித்தப்பா மேலே ஏறி உலுக்குவார், அக்கா கூடையோடு கீழே ஓடி ஓடிப் பொறுக்குவாள். காய்ச்சல் என்று அன்றைக்கு என்னை வீட்டிலேயே படுக்க வைத்துவிட்டார்கள்.

"சித்தப்பா, அந்தக் கெளைல நெறைய கீது!" என்று அக்கா கை காட்டியிருக்கிறாள். அவர் அதில் காலை வைக்க, கிளை முறிந்து அவள் காலடியிலேயே வந்து விழுந்தார். அங்கேயே உயிர் போய்விட்டது. கை காட்டினது தான்தான் என்பதை, எங்கள் இருவருக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அக்கா என்னிடம் சொன்னாள். அதுவரை அவளை யாரும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்ததிலிருந்து அவள் பாயை நனைத்தாள். வாசலில் யாராவது விறகுக்கட்டைப் பொத்தென்று போட்டால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்குவாள். சாமைச்சோற்றில் புளிக்குழம்பை ஊற்றினால் வாந்தி. மற்ற நேரமெல்லாம் ஒரு கல்லைத் தூக்கித் தூக்கிக் கீழே போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏதோ விளையாட்டு என்று நானும் எதிரில் உட்கார்ந்து கல்லைப் போட்டேன். அவள் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"இம்மாம் பெரிய கய்தைக்குப் பாயில மூத்திரமா? நாளைக்கு எவன்டி ஒன்னக் கட்டுவான்?" என்று அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அவள ஏன் அடிக்கிற? அல்பாயுசுல போனவன், ஆசையா தூக்கி வளத்த பொண்ணு மேல வந்து குந்திகினான்" என்றாள் பெரியம்மா. அவ்வளவுதான், பூசாரிக்கு ஆள் போயிற்று.

உயிர் போன இடத்துக்கே இழுத்துப் போய், பேயைப் பேர் சொல்ல வைத்து, உச்சிமுடியை அறுத்து அந்த மரத்திலேயே ஆணி அடித்துவிட்டால் பேய் மரத்தோடு தங்கிவிடும் என்பது எங்கள் வழக்கம். அந்த மரத்தை நினைத்துத்தான் இவள் நடுங்குகிறாள் என்பது ஒரு மண்டைக்காவது எட்டியதா?

"வேற எங்கன்னா இட்னு போங்கப்பா, அந்த மரத்தாண்ட மட்டும் வேணாம்ப்பா" என்று அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தீங்களா, மரம்னதுமே அவனுக்கு ஒதறுது!" என்று பூசாரி சிரித்தான்.

மரத்தடியில் புளிய மிளாறால் விளாசினான். "யார்ரா நீ? பேரச் சொல்லு!"

"நான்தாங்க... எங்கப்பா பொண்ணுங்க."

"பொய்யி!" மறுபடி விளாசல். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டான், அழுதாள், அடித்தான். கடைசியில், தொண்டை கட்டிப்போன குரலில், "நான் சித்தப்பா" என்றாள்.

"அப்டி வா வழிக்கு!" கூட்டத்துக்கு ஒரே சந்தோஷம். முடியை மரத்தில் வைத்து அறைந்தார்கள்.

பெற்றவனுக்கு எதிரிலேயே அந்தக் குழந்தை நிஜத்தைச் சொன்னபோது அடித்தார்கள். பொய் சொன்ன பிறகுதான் விட்டார்கள். அவளைத் தோளில் சுமந்த மனுஷனை, செத்தும் விடாமல் பிசாசாக்கினார்கள். "இன்னா பாத்த கண்ணு, இன்னா ஆச்சு?" என்று அவளைக் கேட்க அத்தனை பேரில் ஒரு நாக்கு இல்லை. செத்துப்போன அப்பாவைக்கூட நான் மன்னித்ததில்லை. செத்தவரை ஏசக்கூடாது என்பார்கள். ஏசாமல் என்ன செய்ய?

அதற்குப் பிறகு அக்கா கல்லைத் தொடவில்லை. அழவில்லை, சிரிக்கவும் இல்லை. உட்கார் என்றால் உட்கார்ந்தாள், புளிக்குழம்பு ஊற்றினால் தின்றாள். வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, "எம்மாம் நல்ல பொண்ணா ஆய்ட்டா பாருங்க" என்று சொல்லிவிட்டு, "நீயும்தான் கீற!" என்று என் தலையில் குட்டினாள்.

எனக்கு அழுகையாக வந்தது. "என்னையும் அந்த மரத்தாண்ட இட்னு போம்மா" என்றேன்.

அம்மாவும் பெரியம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.