மூன்றாவது குழி

எண்ணூரில் எங்கள் கம்பெனி கோல்ஃப் மைதானத்தில் எனக்குப் பிடித்தது மூன்றாவது குழி. கொடி நட்ட அந்தக் குழியை ஒரே அடியில் எட்டிவிடலாம். ஆனால் என் பந்துகள் அங்கேதான் காணாமல் போயின. மட்டைகளைத் தூக்கி வரும் ஏழுமலை, நான் அடிக்கும் முன்பு மதிலுக்கு அப்பால் பார்ப்பார். வெளியே ஆள் வைத்திருக்கிறாரோ? ஒவ்வொரு முறையும் பாக்கெட்டைக் காட்டச் சொன்னேன்.

ஒருநாள், "அங்க யாருக்கு ஜாடை காட்டுறீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"ஜாடையா? கரண்டு கம்பெனி பொகைய பாரு சார். கீய கொடி ஆடல, மேல காத்து தள்ளுது. அத்த பாத்துதான் மட்டை எட்த்து தரேன். நீ வேற மட்டைல அட்ச்சா, பந்து செவுத்துக்கு அந்தாண்ட பூடுது."

அவர் நீட்டிய மட்டையால் அடித்தேன். பந்து கொடியடியில் போய் நின்றது. சிரித்தபடி திரும்பினேன்.

ஏழுமலை இரண்டு பாக்கெட்டுகளையும் வெளியே இழுத்துக் காட்டிக்கொண்டு நின்றார். அன்று நான் கேட்கவே இல்லை.