சவரியம்மாள் முன்மொழிய

சவரியம்மாளைப் பற்றி வேறு யார் எழுதினாலும் மாலை போட்டு எழுதுவார்கள். நான் எழுதினால் என் குட்டும் சேர்ந்து உடையும். உடையட்டும். அந்தம்மாவின் பெயரில் ஒரு பெரிய பொய்யை எழுதியவன் நான்தான். உண்மையையும் நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் தேவநாதன். 1966-இல் கெடிலக்கரைக் கூட்டுறவு நகர வங்கியில் எழுத்தர் வேலை. தலைமை அலுவலகம் கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்தது. சிதம்பரத்தில் ஒரு கிளை. இயக்குநர்கள் ஏழு பேர். மாதம் ஒரு நாள் கூடுவார்கள், காப்பி குடிப்பார்கள், கலைவார்கள். கூட்டத்தில் நடப்பதை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. எழுதினேன், ஆனால் ஒரு நாள் முன்னதாகவே எழுதிவிடுவேன். என்னென்ன தீர்மானம் என்று தலைவர் சொல்லியனுப்புவார். ஒவ்வொன்றின் கீழும் ‘இன்னார் முன்மொழிய, இன்னார் வழிமொழிய, ஏகமனதாக நிறைவேறியது’ என்று போட்டுவைப்பேன். ஒரே ஆள் முன்மொழிந்தால் தணிக்கைக்காரர் கேள்வி கேட்பாரே என்று, பந்தியில் இலை போடுவதுபோல வரிசையாக ஒவ்வொருவர் பெயராகப் போட்டுக்கொண்டு வருவேன். 1966-க்குள் எட்டு வருடம் இப்படித்தான் ஓட்டியிருந்தேன். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

தலைவர் தில்லைநாயகம் சிதம்பரத்துக்காரர். அரிசி ஆலை முதலாளி. அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வெள்ளம் வந்த வருடம் ஆலைக் கதவைத் திறந்துவைத்து, நாலு நாள் ஊருக்கே கஞ்சி ஊற்றிய மனிதர். ஆனால் கஞ்சித் தொட்டி மேலும் அவர் பெயர் எழுதியிருந்தது. செய்கிற நல்லது எதுவானாலும் அதில் தன் பெயர் இருக்க வேண்டும், அதுதான் அவருடைய நோய்.

இயக்குநர்களில் ஒரே பெண் சவரியம்மாள். முதுநகர் மீன் மார்க்கெட்டில் கருவாடு விற்பவர். அப்போது ஐம்பது வயதிருக்கும். கறுத்த, கட்டையான உருவம். தெருமுனையில் பேசினால் துறைமுகத்தில் கேட்கும் குரல். கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், வாய் திறக்காத மனிதர். “எனக்குக் கூட்டம் இருக்கு, உலைய வெச்சி வடிச்சிடு” என்று அவரிடம் சொல்லிவிட்டு, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வங்கிக்கு வருவார்.

கருவாட்டுக்காரி எப்படி வங்கி இயக்குநர் ஆனார் என்று கேட்பீர்கள். அது தில்லைநாயகம் சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம். ஒரு தேர்தலில் தோற்றுவிடுவோமோ என்று பயந்து, மார்க்கெட் பெண்கள் முந்நூறு பேரைத் தானே பங்குப் பணம் கட்டி உறுப்பினராகச் சேர்த்தார். கூட்டுறவில் ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆலை முதலாளிக்கும் ஒன்றுதான், கருவாட்டுக்காரிக்கும் ஒன்றுதான். அவர் ஜெயித்தார். அடுத்த தேர்தலில் அதே முந்நூறு பேரும், “எங்க ஆளு ஒண்ணு உள்ள ஒக்காரணும்” என்று சவரியம்மாளை நிறுத்திவிட்டார்கள்.

அவர்கள் அவரை அனுப்பியது ஒரே காரியத்துக்காக. மார்க்கெட்டில் பெண்களுக்குக் கக்கூசு கிடையாது. விடியற்காலை நாலு மணிக்கு வந்து உட்கார்ந்தால் பகல் மூன்று மணிக்குத்தான் கடை எடுப்பார்கள். ஆண்கள் சுவரைப் பார்த்து நின்றுவிடுவார்கள். பெண்கள் ரயில்வே குட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் போக வேண்டும். அங்கே காவல்காரன் விசில் ஊதி விரட்டி வேடிக்கை பார்ப்பான். அதற்குப் பயந்து அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. மார்க்கெட்டில் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. வங்கியின் லாபத்தில் வருடாவருடம் பொதுநல நிதி என்று ஒரு தொகை ஒதுக்குவார்கள். அதிலிருந்து ஒரு கக்கூசு கட்டித் தாருங்கள் என்று இரண்டு வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் சவரியம்மாள் எழுந்து நின்று கேட்பார். “பாக்கலாம்மா” என்பார் தலைவர். நான் எழுதியிருக்கும் புத்தகத்தில் அது இருக்காது, ஏனென்றால் அதை நான் முந்தின நாளே எழுதி முடித்துவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும் மற்ற இயக்குநர்களைப்போல அவரும் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டார் என்று கேட்கலாம். அங்கேதான் சங்கதி இருக்கிறது. சவரியம்மாள் படிக்கத் தெரிந்தவர்தான். கோயிலில் ஜெபப் புத்தகத்தை வைத்து எழுத்து கற்றவர். அச்செழுத்து என்றால் கடகடவென்று ஓடும். கையால் எழுதியது என்றால் ஒரு வரி புரியாது. என் எழுத்தோ கோழி கிளறியது போல இருக்கும். அந்தம்மா தன் பெயரை மட்டும் அச்சடித்ததுபோல் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் போடுவார். ‘சவரியம்மாள்’ என்று முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் மற்றவர்கள் காப்பி குடித்து முடிப்பார்கள்.

அந்த வருடம் வங்கிக்கு வெள்ளி விழா. மூன்று வருடப் பொதுநல நிதியையும் ஒன்றாகத் திரட்டி, சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் சாலையில் ஓர் அலங்கார வளைவு கட்டுவது என்று தலைவர் முடிவெடுத்தார். தூண்களில் இயக்குநர்கள் பெயர், உச்சியில் அவர் பெயர். வழக்கம்போலத் தீர்மானத்தை முந்தின நாளே எழுதினேன். வரிசைப்படி முன்மொழிய வேண்டியவர் யார் என்று பார்த்தேன். சவரியம்மாள். ஒரு நொடிகூட யோசிக்காமல் அவர் பெயரைப் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கூட்டத்தில் அந்தம்மா கையெழுத்துப் போட்டார். விஷயம் அதோடு புதைந்திருக்கும். ஆனால் தலைவர் ஆசை அடங்கவில்லை. கால்கோள் விழாவுக்கு ரோஸ் காகிதத்தில் ஆயிரம் நோட்டீஸ் அடித்து, இரண்டு ஊரிலும் விநியோகிக்கச் சொன்னார். ‘இயக்குநர் திருமதி சவரியம்மாள் முன்மொழிய, இயக்குநர் ஜனாப் கிபாயத்துல்லா வழிமொழிய, ஏகமனதாக’ என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது, அச்செழுத்தில்.

மறுநாள் பத்து மணிக்கு வங்கியே நாறியது. சவரியம்மாள் கருவாட்டுக் கூடையோடு கவுண்டருக்கு உள்ளேயே வந்துவிட்டார். புடவை முன்பக்கமெல்லாம் மீன் கழுவிய தண்ணீர்.

“தம்பி, இத எழுதுனது யாரு?”

“நான்தாம்மா.”

“நான் எப்ப சொன்னேன்?”

“கூட்டத்துக்கு முந்துன நாளே எழுதிடறதும்மா. எப்பவுமே அப்பிடித்தான்.”

“அப்ப நான் எதுக்கு வந்தேன்? காப்பி குடிக்கவா?” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அந்தம்மாவுக்கு. “முத்தம்மா இல்ல, எம் பக்கத்துக் கடைக்காரி? அவதான் இந்தத் தண்ணிய எம்மேல ஊத்துனா. எங்க கக்கூசு காச வாங்கி வளைவு கட்றியா யக்கான்னு கேட்டா. நான் என்னா பதில் சொல்றது? நீயே வந்து சொல்லு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவமானமாக இருந்தது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக.

அன்று மாலையே தலைவர் சிதம்பரத்திலிருந்து காரில் வந்தார். அந்தம்மாவிடம் ரொம்பப் பதமாகத்தான் பேசினார். “வளைவுல உங்க பேரும் வருதும்மா. கல்லுல வெட்டறோம்.”

“எம் பேரக் கல்லுல வெட்டி நான் என்னாய்யா பண்றது? அதுக்குப் பின்னால போயி ஒதுங்கவா?”

தலைவர் முகம் சுண்டிவிட்டது. “படிக்காம கையெழுத்துப் போட்டது உங்க தப்பு.”

“எந்தப்புத்தான். இனிமே அந்தத் தப்பப் பண்ண மாட்டேன்.”

கால்கோளுக்கு எட்டு நாள் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு கூட்டம். ஒரு கூட்டத்தின் நடவடிக்கையை அடுத்த கூட்டத்தில் படித்து உறுதி செய்தால்தான் பணம் எடுக்க முடியும். ‘படித்து உறுதி செய்யப்பட்டது’ என்பதையும் நான் முந்தின நாளே எழுதிவிடுவது வழக்கம். இந்த முறை எழுதவில்லை. பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

கூட்டத்தன்று வங்கிப் படிக்கட்டு முழுக்க மார்க்கெட் பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் முத்தம்மாள். கருவாட்டு வாடை மாடி ஏறிக் கூட்ட அறைக்குள் வந்தது. தலைவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, “ஜன்னலச் சாத்துப்பா” என்றார்.

“தொறந்தே இருக்கட்டும். உறுப்பினருங்கதான் ஒக்காந்திருக்காங்க,” என்றார் சவரியம்மாள். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, போன கூட்டத்துப் புத்தகத்தப் படி. சத்தமாப் படி. ஒரு வார்த்தை வுடாம.”

படித்தேன். ‘சவரியம்மாள் முன்மொழிய’ என்ற இடம் வந்ததும், “பொய்,” என்றார். ஒரே வார்த்தைதான். மேசை மேல் இருந்த காப்பி டம்ளர் ஆடியது போலிருந்தது.

‘கிபாயத்துல்லா வழிமொழிய’ என்று தொடர்ந்தேன். கிபாயத்துல்லா பாய் பரங்கிப்பேட்டைக்காரர். மலேயாவில் கடை வைத்திருந்துவிட்டு வந்தவர். அவர் கையை நீட்டி நிறுத்தினார். “அது என்னிக்குக் கூட்டம்?” தேதியைச் சொன்னேன். “அட அல்லா! அன்னிக்கு நான் நாகூர்ல இருந்தேன். ஊர்லயே இல்லாதவன் எப்பிடிப்பா வழிமொழிஞ்சேன்?” என்று சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் அடங்கியது.

தலைவர் என்னைப் பார்த்தார். “தேவநாதன், புத்தகத்துல இருக்கறது கூட்டத்துல நடந்ததுதானே?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் நாலு பிள்ளைகள். என் வேலை அவர் போட்ட பிச்சை. படிக்கட்டில் யாரோ இருமுவது கேட்டது.

“இல்லீங்க ஐயா. முந்துன நாளே எழுதுனது,” என்றேன். சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

“அந்தப் பக்கத்த அடிச்சுடு. இப்ப கேளுங்க. யாருக்கு வளைவு வேணும், யாருக்குக் கக்கூசு வேணும்? கையத் தூக்குங்க,” என்றார் சவரியம்மாள்.

எங்கள் வங்கியில் அதுவரை யாரும் கை தூக்கியதில்லை. எப்படித் தூக்குவது என்றே தெரியாமல் விழித்தார்கள். வளைவுக்குத் தலைவரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினார்கள். கக்கூசுக்குச் சவரியம்மாள் கை முதலில் போயிற்று. பின்னாலேயே ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் மண்டிக்காரர் ஒருவரும் தூக்கினார்கள். மூன்றுக்கு மூன்று. எல்லோரும் கிபாயத்துல்லா பாயைப் பார்த்தார்கள்.

“நம்ம வூட்டுப் பொம்பளைங்க மார்க்கெட்டுக்கு வர்றதில்ல,” என்றார் பாய், தலைவரைப் பார்த்து. “அதனால நமக்கு இந்தக் கஷ்டம் தெரியல, தலைவரே. வெக்கமா இருக்கு.” என்று சொல்லிக் கையைத் தூக்கினார்.

அப்போதும் அந்தம்மா விடவில்லை. “இன்னொண்ணு. ஆளு வந்து கூடையில அள்ளிட்டுப் போற கக்கூசு வேணாம். எங்க கஷ்டத்த இன்னொருத்தி தலையில ஏத்தக் கூடாது. ஜாஸ்தி ஆனாலும் செப்டிக் டேங்க் வெச்சுத்தான் கட்டணும்.” முன்மொழிந்தவர் சவரியம்மாள் என்று, அந்த அறையில் உட்கார்ந்து, மை காயாத பக்கத்தில் எழுதினேன். அந்தம்மா படிக்க வேண்டுமென்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினேன். அவர் விரலை வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரமே என்னைச் சிதம்பரம் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். நாலு வருடம் பாசஞ்சர் ரயிலில் போய்வந்தேன். அந்தம்மா மேலும் இரண்டு தேர்தலில் ஜெயித்தார்.

நான் மாறிப்போன பிறகு வந்த முதல் பொங்கல் கழித்து ஒரு திங்கட்கிழமை கக்கூசுத் திறப்பு விழா. நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். ஆறு அறை, வெள்ளைச் சுண்ணாம்பு, பச்சைக் கதவுகள், வாசலில் ரிப்பன். ஒன்பது மணி என்று சொல்லியிருந்தார்கள். மார்க்கெட் பெண்கள் விடியலிலிருந்து காத்திருந்தார்கள். இனி குட்ஸ் ஷெட் பக்கம் போவதில்லை என்று பிடிவாதமாக ஒருத்திகூடப் போகாமல் நின்றிருந்தார்கள். தலைவர் பதினோரு மணிக்கு வந்தார். மாலை போட்டார்கள், மைக்கைப் பிடித்தார். கூட்டுறவு இயக்கம் இங்கிலாந்தில் தோன்றிய கதையிலிருந்து தொடங்கினார். அரை மணியாகியும் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பவில்லை. முத்தம்மாள் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து நின்றாள்.

சவரியம்மாள் மேடையிலிருந்து இறங்கினார். இடுப்பில் செருகியிருந்த மீன் கத்தியை உருவி ரிப்பனை ஒரே இழுப்பில் அறுத்தார்.

“என்னாம்மா இது, இன்னும் பேச்சு முடியலியே?” என்றார் தலைவர், மைக்கிலேயே.

“நீங்க பேசுங்கய்யா, யாரு வேணாங்கறது? இவளுங்க இருவது வருசமா அடக்குனது போதும்.” முத்தம்மாள் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார். “போடி.”

மற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். உள்ளே ஒவ்வொன்றாக ஆறு தாழ்ப்பாள் போடும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.