தராசு மேஜைக் காலடியில் ஒன்பது கட்டுரைகள்

ஆண்டவரை நம்பியிருக்கும் என் சகோதர சகோதரிகளே, மண்ணூர் தேவராஜ் எழுதுகிறேன். முதலில் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டதைத் தவிர நான் எழுதியது குறைவு. சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு நா எழாது. நாற்பத்து நான்கு வயதில் பத்துப் பேர் பார்த்தாலே வியர்த்துவிடும். "பேச வரலைன்னா எழுதிக் குடு தேவராஜ், நான் வாசிக்கிறேன்" என்று போதகர் ஐயா சொன்னதால் எழுதுகிறேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு சிறிய அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறேன். பெட்டிகளை மடித்துத் தட்டையாக அடுக்கி, சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, லாரிக்கு எடுத்து வைக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. அங்கே எனக்கு ஊமையண்ணன் என்று பெயர்.

என் மனைவி ரோஸ்லின் பன்னிரண்டாவது தேறியவள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, முப்பத்தாறு வயதில், தபால் வழியாக பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். பக்கத்து வீட்டு அமுதாவும் அதேபோலச் சேர்ந்தாள், பி.ஏ. தமிழ் இலக்கியம். அமுதாவின் புருஷன் சேகரும் சேர்ந்தான், பி.காம். மூன்று பேரும் ஆளுக்கு மூன்று கட்டுரை எழுதி சென்னை ஆபீசில் சேர்க்க வேண்டும். அசைன்மென்ட் என்பார்கள். அது சேராவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், ஒரு வருடம் போய்விடும்.

இப்போது என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். ரோஸ்லின் படிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. அவள் பட்டம் வாங்கிவிட்டால் நான் அவளுக்குக் கீழே போய்விடுவேன் என்று நெஞ்சில் ஒரு முள். அக்டோபர் 23ஆம் தேதி, புதன்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வந்தபோது உலை வைக்கவில்லை. தரை முழுக்கத் தாள்கள். நடுவில் அவள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"பட்டினியா கெடக்கணுமா? நீ பட்டம் வாங்கி எனக்கு இன்னா ஆவப் போவுது? எல்லாத்தையும் வாரி அடுப்புல போடு!" என்று கத்தினேன். பேசத் தெரியாதவனுக்கு இது மட்டும் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அமுதாவின் குரல் கேட்டது. "அண்ணா, அடுப்புல போடறதுன்னா சொல்லிட்டுப் போடுங்கணா. என்துதும் அதுலதான் கீது."

அவள் சிரித்தாள். ரோஸ்லின் சிரிக்கவில்லை. தாள்களை அடுக்கி வைத்துவிட்டு உலை வைத்தாள்.

25ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, கடைசி நாள். பெரியவளுக்குக் காய்ச்சல் என்பதால் ரோஸ்லின் போக முடியவில்லை. அமுதாவுக்கும் சேகருக்கும் லீவு கிடைக்கவில்லை. நான் அரை நாள் லீவு சொல்லி, மதியம் சென்னைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவது என்று முடிவானது. ஒன்பது கட்டுரைகளையும் ரோஸ்லின் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். "மழையில நனையப் போவுது, பாத்துப் போங்க" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை. புதன்கிழமையிலிருந்து அவ்வளவுதான் பேச்சு.

கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்குள் பை ஈரமாகிவிட்டது. தாளை எடுத்துப் பார்த்தேன், நனையவில்லை. ஆனால் இந்தப் பையோடு சென்னை போகக்கூடாது என்று, என் மேஜையில் வைத்து மேலே ஒரு அட்டை, கீழே ஒரு அட்டை கொடுத்தேன். பழுப்புத் தாள் சுற்றினேன். சணலால் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டி, முடிச்சை உள்ளே சொருகினேன். பன்னிரண்டு வருடக் கை, அதற்கு வேறு விதமாகக் கட்டத் தெரியாது. பெட்டிக்குள் நிற்க வைக்கும் தடுப்பு அட்டைகளை நாங்கள் அப்படித்தான் கட்டி அனுப்புவோம். அளவும் ஏறக்குறைய அதேதான். கட்டி மேஜை ஓரத்தில் வைத்தேன். லோடு ஏற்ற வேண்டிய சரக்கையும் நான் எப்போதும் அந்த ஓரத்தில்தான் வைப்பேன்.

பசை மெஷின் சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள், போனேன். தீபாவளிக்கு முந்தின வாரங்கள், லாரிகள் வருவதும் போவதுமாக இருந்தன. பதினோரு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் மேஜை காலியாக இருந்தது.

வாசலுக்கு ஓடினேன். லாரி போய்விட்டது.

யாரிடம் சொல்வேன்? புதன்கிழமை அடுப்பில் போடு என்றவன் நான். வெள்ளிக்கிழமை லாரியில் தவறிப்போய் ஏறிவிட்டது என்றால் எந்த மனைவி நம்புவாள்? வேண்டுமென்றே தொலைத்தேன் என்றுதான் சாகும்வரை நினைப்பாள். அட்டை அடுக்குகளுக்குப் பின்னால் போய் முழங்கால் போட்டேன். நீளமாக ஜெபிக்க எனக்கு வராது. "ஆண்டவரே, அந்தத் தாள் வேணும். அது கெடைக்கலன்னா, அவகிட்ட பொய் சொல்லாத வாயாவது வேணும். நான் கெட்டவன்தான். அவ படிப்பு அதுக்குப் பலியாவக் கூடாது" என்றேன். அவ்வளவுதான். ஆனால் எழுந்திருக்கும்போது, உட்கார்ந்து அழுவதற்கு இது நேரம் இல்லை என்று மனதில் உறுதியாகத் தோன்றியது. அந்த உறுதி என்னுடையது அல்ல. எனக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

நேராக சூப்பர்வைசரிடம் போனேன். "சார், லாரி எங்க போச்சு? என் பொருள் ஒண்ணு ஏறிப்போச்சு. சைக்கிள் வேணும், இப்பவே போவணும்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "தேவராஜு, நீ ஒரே மூச்சுல இவ்ளோ பேசி நான் பார்த்ததே இல்லப்பா" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சரக்குப் போன இடம் ஒரகடம் போகும் வழியில் இருந்த ஒரு பெரிய கம்பெனி. மழைச் சேற்றில் மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. கேட்டில் வாட்ச்மேன் மறித்தார்.

"இன்னா வேணும்?"

"ஒரு கட்டு... காணாமப் போன கட்டு..."

"கட்டா? இன்னா கட்டு? மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி கூட்டத்துல குண்டு வெடிச்சதுல இருந்து யாராவது மூட்டை, கட்டுன்னு சொன்னாலே எங்களுக்கு வயித்தக் கலக்குது. நீ யாரு? கார்டு கீதா?"

கார்டு இல்லை. வேறு நாளாக இருந்தால் திரும்பிப் போயிருப்பேன். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். எங்கள் லாரி நின்றது. லோடுமேன் கோதண்டம் அதன் ஓரத்தில் ஒதுங்கி பீடி குடித்துக்கொண்டிருந்தான். "கோதண்டம்! டேய் கோதண்டம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவன் பீடியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். "யோவ், ஊமையண்ணனா கத்துறது! வாட்ச்மேன் சார், உடு சார், நம்ம ஆளு. இவர் வாயத் தொறந்துட்டாருன்னா உள்ள எதாச்சும் எரியுதுன்னு அர்த்தம்."

ஸ்டோர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஸ்டோர் கீப்பர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு சலானைப் பார்த்தார். "தடுப்பு அட்டை பத்து கட்டு எழுதியிருக்கு. வந்தது பதினொண்ணு. கம்மியா வந்தாலும் தப்பு, கூட வந்தாலும் தப்பு. தனியா வைன்னு பசங்ககிட்ட சொன்னேன்" என்றார். பையன்களைக் கேட்டால் ஒருவன் அங்கே என்றான், ஒருவன் இங்கே என்றான். லைனுக்குப் போன சரக்கைப் பார்த்தோம், இல்லை. பழைய அட்டைக் குவியலைக் கிளறினோம், இல்லை.

"அப்பிடி இன்னாய்யா இருந்தது உள்ள?" என்று ஸ்டோர் கீப்பர் கேட்டார்.

"என் சம்சாரம் எழுதின படிப்புத் தாளு சார். அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க எழுதினதும் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள சென்னையில குடுக்கணும்."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பழைய வெட்கம் வந்துவிட்டது. வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே "ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன்.

குனிந்த கண்ணுக்கு நேராக, தராசு வைத்திருந்த பெரிய மேஜையின் கால் தெரிந்தது. அந்த இடத்தில் சிமெண்ட் பெயர்ந்து தரை குழிந்திருந்தது. குழியில், மேஜைக் காலுக்கு அடியில், ஒரு பழுப்புக் கட்டு. குறுக்கும் நெடுக்கும் சணல். உள்ளே சொருகிய முடிச்சு. என் முடிச்சை எனக்குத் தெரியாதா?

"சார், அது!" என்றேன்.

நான்கு பேர் மேஜையைத் தூக்கினார்கள். நான் இழுத்து எடுத்தேன். ஸ்டோர் கீப்பர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா ஆடின மேஜை இன்னிக்கு ஆடாம நிக்குதேன்னு பார்த்தேன். படிப்புக்குத் தனி கனம்தான்யா" என்றார். நான் அங்கேயே எல்லார் முன்னாலும் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னேன். தலை நிமிர்ந்து நிற்கிறவனாக இருந்திருந்தால் அந்தக் காலடியைப் பார்த்திருக்க மாட்டேன். என்னிடமிருந்த குறையையே ஆண்டவர் அன்றைக்கு உபயோகப்படுத்தினார். இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வந்து, சைக்கிளை ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறப் போனேன். பஸ் ஸ்டாண்டில் போலீஸ் சோதனை. கட்டைப் பிரிக்கச் சொன்னார்கள், பிரித்தேன். ஒவ்வொன்றாக உதறிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாம் கலந்துவிட்டது. அப்படியே அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சென்னை ஆபீசுக்குள் நுழைந்தபோது மணி நாலே கால். ஜன்னலில் இருந்த அம்மா தாள்களைப் பார்த்தார். "இலக்கியம், வரலாறு, வணிகம் மூணுக்கும் மூணு ஜன்னல். யாரோடது எதுன்னு பிரிச்சுக் கொண்டாங்க. இப்படிக் குவியலா குடுத்தா வாங்க மாட்டோம்" என்றார். வராந்தா தரையில் உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். எத்தனை வருடம் கழித்துப் படிக்கிறேன்! கடிகாரம் ஓடுகிறது, எழுத்தோ நகர மாட்டேன் என்கிறது. ஆனாலும் விடவில்லை.

சேகருடைய ஒரு கட்டுரை சரக்கு இருப்பைப் பற்றியது. கணக்கில் வராத பொருள் எப்படிக் காணாமல் போகிறது என்று எழுதியிருந்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அமுதா, பழைய பாட்டுகளில் பிரிந்துபோனவனுக்காகக் காத்திருக்கும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தாள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் வருகிறதா என்று வாசலில் நிற்கும் நம் ஊர்ப் பெண்களையும் அதில் சேர்த்திருந்தாள்.

ரோஸ்லினுடையது, எங்கள் பக்கத்து ஏரிகளின் வரலாறு. எந்த மதகிலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர் போனது, யார் முறை வைத்துப் பிரித்தார்கள், நிலம் விற்றுப்போன பிறகு எந்தக் கால்வாய் தூர்ந்தது என்று இருந்தது. கூட்டிக் கூட்டிப் படிக்கும்போது இது எனக்குத் தெரிந்த சங்கதியாயிற்றே என்று பட்டது. சின்ன வயதில் அந்த மதகில் கூலிக்கு வேலை பார்த்தவன் நான். எப்போதோ சாப்பிடும்போது கேட்டாள், சொன்னேன். கடைசித் தாளைத் திருப்பினேன். அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: "இதிலுள்ள பெரும்பாலான செய்திகளைச் சொன்னவர் என் கணவர் தேவராஜ். எந்தப் புத்தகத்திலும் எனக்கு இவை கிடைக்கவில்லை."

நான் அடுப்பில் போடச் சொன்னது இதைத்தான்.

கண்ணீர் தாளில் விழுந்துவிடக் கூடாது என்று தள்ளி வைத்துவிட்டுத் துடைத்துக்கொண்டேன். பிரித்து முடித்து, மூன்று ஜன்னலிலும் கொடுத்து, மூன்று ரசீதும் வாங்கும்போது ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

வீட்டுக்கு வந்து ரசீதைக் கொடுத்தால் போதும், ஒருவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பஸ்ஸில் வரும்போது சாத்தான் அதைத்தான் சொல்லிக்கொண்டே வந்தான். ஆனால் நான் ஜெபத்தில் கேட்டது இரண்டு. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது. ரோஸ்லின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கட்டு தொலைந்ததை, கிடைத்ததை, என் நெஞ்சில் இருந்த முள்ளை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"என் ஏரி வரலாறு தராசு மேஜைக்கு முட்டுக் குடுத்துச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "நீங்க பொறாமப்பட்டது எனக்குத் தெரியும்ங்க. வாயத் தொறந்து சொல்லுவீங்களான்னுதான் பார்த்துக்கினு இருந்தேன்" என்றாள். அன்றைக்கு முழங்கால் போட்டு இருவரும் சேர்ந்து ஜெபித்தோம். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் நான் அவள் காது கேட்கச் சத்தமாக ஜெபித்தது அதுதான் முதல் தடவை.

இந்த மாதம் கட்டுரைகள் மதிப்பெண்ணோடு திரும்பி வந்தன. ஒன்பதும் தேறிவிட்டன. ரோஸ்லின் பரீட்சைக்குப் படிக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் உலை வைப்பது நான். மீதி நேரத்தில் எனக்கு எழுதப் பழக்குகிறாள். என்னைவிடப் படித்தவள் என் வீட்டில் இருக்கிறாள் என்பது இப்போது எனக்கு முள்ளாக இல்லை. அதை நினைத்து ஸ்தோத்திரம் செலுத்துகிறேன்.

பிரியமானவர்களே, பெரிய வியாதிக்கும் பெரிய ஆபத்துக்கும்தான் ஆண்டவரைக் கூப்பிட வேண்டும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது எழுதிவைத்த நான்கு தாளும் அவருக்குப் பெரிய காரியம்தான். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் வருகிற வார்த்தையில் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து நடங்கள். உண்மையைச் சொல்ல வேண்டிய ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருந்தால், இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எனக்குத் துணை நின்றவர் உங்களுக்கும் நிற்பார்.

தேவராஜ், மண்ணூர்.
29 டிசம்பர் 1991, ஞாயிற்றுக்கிழமை.